பெரிய நாய்க்கு மயக்க மருந்து: வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

லாப்ரடார், ராட்வைலர், கிரேட் டேன் வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "இவ்வளவு பெரிய உடம்பு, இந்த ஊசி இவனை என்ன பண்ணிடப் போகுது?" கணக்கு நேர்மாறானது. உடம்பு பெரிதாகப் பெரிதாக, ஒரு கிலோவுக்குத் தேவைப்படும் மயக்க மருந்தின் அளவு குறைகிறது. 5 கிலோ பொமரேனியனுக்குப் போடுவதைப் பத்தால் பெருக்கி 50 கிலோ நாய்க்குப் போட்டால் அது ஓவர்டோஸாகவே முடியலாம். டெக்ஸ்மெடிடோமிடின் போன்ற மருந்தை எடையை மட்டும் வைத்துப் போடாமல், உடலின் பரப்பளவைக் கணக்கிட்டுப் போடச் சொல்வதும் இதனால்தான்.

அதனால் "ஒரு நாற்பது கிலோ இருக்கும் டாக்டர்" என்று குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். அன்று காலையிலேயே எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். 30 கிலோ இருக்க வேண்டிய லாப்ரடார் 42 கிலோ இருந்தால் கூடுதலாக இருப்பது பெரும்பாலும் கொழுப்பு. அந்தக் கொழுப்புக்கும் சேர்த்து மருந்து ஏற்றக் கூடாது என்பதால் மருத்துவர் அளவைக் குறைப்பார். "கம்மியா போடுறாரே, பாதியில முழிச்சுக்குமோ" என்று பதற வேண்டாம்.

இனத்தை மறைப்பதும், தெரியாமல் மாற்றிச் சொல்வதும் அடுத்த தவறு. பாக்ஸர் நாய்களில் சிலவற்றுக்கு அசிப்ரோமசின் என்ற அமைதிப்படுத்தும் மருந்தைச் சிறிதளவு போட்டாலும் ரத்த அழுத்தம் இறங்கி மயங்கிச் சரிந்துவிடும். டாபர்மேனில் ரத்தம் உறையாத பரம்பரைக் கோளாறும் உண்டு, வெளியே தெரியாமல் வளரும் இதய வீக்கமும் உண்டு. கிரேஹவுண்டுக்குத் தயோபென்டோன் என்ற மயக்க மருந்து கொடுத்தால் தெளிய வெகுநேரம் பிடிக்கும். நம் சிப்பிப்பாறையும் கன்னியும் கொழுப்பே இல்லாத அதே வேட்டைநாய் உடல்வாகு கொண்டவை. எனவே "நாட்டு நாய்தான் சார்" என்று மட்டும் எழுதிக் கொடுக்காமல் இனத்தின் பெயரைச் சொல்லுங்கள்.

ரத்தப் பரிசோதனையை வீண் செலவு என்பவர்களுக்கு ஒரே ஒரு காரணம் போதும்: உண்ணிக் காய்ச்சல். நாய் நன்றாகத் தின்று ஓடிக்கொண்டிருக்கும். ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் மட்டும் அடிமட்டத்தில் இருக்கும். கருத்தடை ஆபரேஷன் மேஜையில் ரத்தம் நிற்காதபோது அதைக் கண்டுபிடித்து என்ன பயன்?

எனக்கு அதிகம் கோபம் வருவது "வெறும் செடேஷன்தானே", அதாவது அரை மயக்கம்தானே, என்ற சொல்லில்தான். நகம் வெட்ட, காது கழுவ, எக்ஸ்ரே எடுக்க என்று சைலசின், கீட்டமைன் என்ற மயக்க ஊசிகளைப் போட்டுப் படுக்க வைக்கிறார்கள். மூச்சுக்குழாயில் டியூப் இல்லை, ஆக்ஸிஜன் இல்லை, பக்கத்தில் நின்று பார்க்க ஆளும் இல்லை. சைலசின் இதயத்துடிப்பைக் குறைக்கும், வாந்தி வரவைக்கும். பாதி மயக்கத்தில் எடுக்கும் வாந்தி நுரையீரலுக்குள் போக வாய்ப்பு உண்டு. டியூப் போட்டு, ஆக்ஸிஜனோடு, மானிட்டர் வைத்துக் கொடுக்கும் முழு மயக்கம் பல நேரங்களில் இதைவிடப் பாதுகாப்பானது. பெரிய நாய்க்கு ஏற்ற டியூப் இருக்கிறதா, சைலசினை முறிக்கும் யோஹிம்பின் அல்லது அடிபமிசோல் கையில் இருக்கிறதா, மயக்கத்தில் இருக்கும்போது யார் கவனிப்பார்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கீட்டமைனுக்கு முறிமருந்து கிடையாது.

வீட்டில் நாமே கொடுக்கும் மாத்திரை இன்னும் மோசம். தீபாவளிக்கும் ரயில் பயணத்துக்கும் போன வருஷச் சீட்டைக் காட்டி அசிப்ரோமசின் வாங்கி வருகிறார்கள். அதில் உடம்புதான் அடங்கும், பயம் போகாது. கை காலைக் கட்டிப்போட்டுப் பக்கத்தில் சரவெடி கொளுத்துவது மாதிரிதான். பயத்தையே குறைக்கும் வேறு மருந்துகள் இருக்கின்றன. பத்து நாள் முன்பே மருத்துவரைப் பாருங்கள். நமக்குத் தரும் தூக்கமாத்திரை பக்கம் போகவே வேண்டாம்.

பட்டினி விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. ஒருவர் "ரெண்டே ரெண்டு பிஸ்கட்தான்" என்று கொடுத்துவிட்டு அதைச் சொல்லாமல் விடுகிறார். இன்னொருவர் முந்தின ராத்திரியிலிருந்து தண்ணீரைக்கூட எடுத்து வைத்துவிடுகிறார். அமெரிக்க விலங்கு மருத்துவமனைகள் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல்படி ஆரோக்கியமான வளர்ந்த நாய்க்கு 4 முதல் 6 மணி நேரம் உணவு நிறுத்தினால் போதும். தண்ணீரை நிறுத்தத் தேவையில்லை. குட்டிக்கும் சர்க்கரை நோயுள்ள நாய்க்கும் கணக்கு வேறு. உங்கள் மருத்துவர் சொல்லும் நேரத்தை அப்படியே பின்பற்றுங்கள். தவறிப்போய் ஏதாவது தின்றிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், ஆபரேஷனைத் தள்ளிப் போடலாம்.

ஆபரேஷன் முடிந்துவிட்டது என்று நாம் மூச்சு விடும் நேரம்தான் ஆபத்தான நேரம். 2008-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில் சுமார் 98,000 நாய்களைக் கவனித்தார்கள். இறப்பு மிகக் குறைவு, 0.17 சதவீதம். ஆனால் அதில் கிட்டத்தட்ட பாதி மயக்கம் தெளியும் கட்டத்தில் நடந்தது. அதிலும் பெரும்பாலானவை முதல் 3 மணி நேரத்துக்குள். கண் திறந்ததும் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போவது ஏன் தவறு என்பது இப்போது புரியும். தானாக நின்று நடக்கும்வரை கிளினிக்கிலேயே இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு, கழுத்து மடங்காமல் படுக்க வையுங்கள். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள், இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்தாலோ நீலம் பாய்ந்தாலோ உடனே போன் செய்யுங்கள். செயின்ட் பெர்னார்ட், ஹஸ்கி போல அடர்ந்த ரோமம் உள்ளவற்றுக்குப் போர்வை போர்த்தாதீர்கள், எளிதில் சூடேறிவிடும். வலிக்கு இபுபுரூஃபென், பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது.

கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட் போல நெஞ்சு ஆழமான நாய்களில் வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. வயிறு பறை மாதிரி விறைத்து, ஓங்கரித்தும் ஒன்றும் வெளியே வராவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எது, அங்கே ஆபரேஷன் செய்வார்களா என்பதை மயக்க ஊசி போடும் நாளுக்கு முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.