துளை போடாமலே ஒரு கிளிஞ்சல் மாலை

கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு கடற்கரை நகை செய்ய முடியுமா என்று தயங்க வேண்டாம். நம் அணையைத் தாண்டிப் போகும் தென்பெண்ணை கடலூர் அருகில்தான் கடலில் சேர்கிறது. அந்தப் பக்கம் போகும்போது தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் காலையில் கொஞ்ச நேரம் குனிந்து நடந்தால் போதும்.

முதல் நகைக்கு டிரில் வாங்காதீர்கள். துளையோடு கிடக்கும் கிளிஞ்சலைத் தேடுங்கள். மணலுக்குள் வாழும் ஒரு வகைக் கடல் நத்தை, கிளிஞ்சலின் சதையைத் தின்பதற்காக அதன் ஓட்டைத் துளைக்கும். ஓட்டின் மேற்பரப்பை அமிலத்தால் இளக்கி, அரம் போன்ற நாக்கால் சுரண்டும். அந்தத் துளை நல்ல வட்டமாக, வெளிப்பக்கம் அகன்று உள்பக்கம் குறுகி இருக்கும். பல ஓடுகளில் அது, இரண்டு ஓடும் சேரும் மூட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், கோத்தால் நேராகத் தொங்கும். எந்த டிரில்லும் இவ்வளவு அழகாகப் போடாது என்பது என் எண்ணம்.

காலி ஓடுகளை மட்டும் எடுங்கள். சுருள் சங்குக்குள் நண்டு குடியிருக்கலாம். கால் தெரிந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். பவளப்பாறைத் துண்டைத் தொடவே வேண்டாம், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்குப் பாதுகாப்பு உண்டு.

வீட்டுக்கு வந்ததும் ஓடுகளை நல்ல தண்ணீரில் ஒரு நாள் ஊறவையுங்கள். நடுவில் இரண்டு முறை தண்ணீரை மாற்றினால் உப்பு இறங்கிவிடும். அப்புறம் சோப்புத் தண்ணீர், பழைய பல்துலக்கும் பிரஷ். நம் ஊரில் எதைத் துலக்கவும் கை புளிக்குத்தான் போகும். பித்தளைக்குச் சரி, கிளிஞ்சலுக்கு ஆகாது. ஓடு முழுக்கச் சுண்ணாம்புச் சத்து. புளி, எலுமிச்சை, வினிகர் எதுவானாலும் அதைக் கரைத்துப் பளபளப்பைக் கெடுத்துவிடும். நிழலில் காயவைத்து, ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தால் நிறம் எடுப்பாகத் தெரியும்.

இனி கோப்பது. ஒரு மீட்டர் மெழுகு நூலை இரண்டாக மடியுங்கள். மடிந்த முனையை ஓட்டின் முன்பக்கத்திலிருந்து துளைக்குள் விட்டு, பின்னால் கொஞ்சம் இழுங்கள். ஒரு சின்ன வளையம் கிடைக்கும். அதை ஓட்டின் விளிம்புக்கு மேலே கொண்டுவந்து, நூலின் இரண்டு நுனிகளையும் அதற்குள் நுழைத்து மெதுவாக இறுக்குங்கள். வெடுக்கென்று இழுத்தால் மெல்லிய ஓடு உடையும். இரண்டு இழைகளையும் சேர்த்து ஒரு மரமணியில் கோத்து, மேலே ஒரு முடிச்சு.

கொக்கியும் வேண்டாம். இரண்டு நுனிகளையும் எதிரெதிராகப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றையும் மற்ற இழையைச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். முடிச்சுகளை நகர்த்தினால் மாலை நீளும், குறுகும்.

விதைமணி சேர்க்க ஆசையிருந்தால் மஞ்சாடி நல்லது. குன்றிமணி வேண்டவே வேண்டாம். அதைத் துளைத்தால் உள்ளிருக்கும் கடும் விஷம் வெளியே வரும்.

கம்மலுக்கு மட்டும் பொறுமை வேண்டும். நத்தை பெரும்பாலும் ஒரு பக்க ஓட்டைத்தான் துளைக்கும். அதனால் ஒரே கிளிஞ்சலின் இரண்டு ஓடும் துளையோடு கிடைப்பது அரிது. அளவும் நிறமும் ஒத்த இரண்டைத் தனித்தனியாகத்தான் பொறுக்கிச் சேர்க்க வேண்டும்.