ஒரே தோட்டத்து வெள்ளையும் சிவப்பும்: இத்தாலிய ஒயினில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இத்தாலியின் கிழக்குக் கரையில் அப்ரூட்சோ என்றொரு பகுதி. ஒரு பக்கம் ஏட்ரியாட்டிக் கடல், மறுபக்கம் 2,900 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் கிரான் சாஸ்ஸோ மலை. நடுவில் அடுக்கடுக்காகக் குன்றுகள். அந்தக் குன்றுகளில், தேராமோ மாவட்டத்துத் தொரானோ நுவோவோ என்ற சின்ன ஊரில், எமீதியோ பேப்பே 1964-இல் தன் பெயரில் ஒயின் செய்து பாட்டிலில் அடைக்கத் தொடங்கினார். பிறகு பொறுப்பு மகள்கள் கைக்கும், பேத்தி கியாராவின் கைக்கும் வந்தது. வெள்ளை ஒயினுக்கு ட்ரெப்பியானோ, சிவப்புக்கு மொந்தேபுல்ச்சானோ. வேறு சிலவும் செய்கிறார்கள், ஆனால் அந்த வீட்டின் பெயர் நிற்பது இந்த இரண்டின் மேல்தான்.

இந்த வீட்டை எடுத்துக்கொண்டு பேசுவதற்குக் காரணம் உண்டு. ஒரே குடும்பம், ஒரே மண். வெள்ளையையும் சிவப்பையும் அவர்கள் ஒரே மரியாதையோடு செய்கிறார்கள். ஒயினை வாங்குகிற நாம்தான் பல நேரம் அந்த மரியாதையைத் தருவதில்லை.

குழப்பம் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. அப்ரூட்சோவில் மொந்தேபுல்ச்சானோ என்றால் ஒரு திராட்சை ரகம். டஸ்கனி என்ற வேறோர் இத்தாலியப் பகுதியில் அதுவே ஓர் ஊரின் பெயர், சியெனா மாவட்டத்தில் குன்றின்மேல் இருக்கும் பழைய ஊர். அந்த ஊரின் புகழ்பெற்ற ஒயின் 'வீனோ நோபிலே தி மொந்தேபுல்ச்சானோ'. அதில் பெரும்பங்கு சாஞ்சொவேசே என்கிற வேறு திராட்சை. 'மொந்தேபுல்ச்சானோ தப்ரூட்சோ' என்று எழுதியிருந்தால்தான் அது அப்ரூட்சோவில் விளைந்த மொந்தேபுல்ச்சானோ ரகம். மல்கோவா என்பது ரகம், சேலம் என்பது ஊர் என்று மாம்பழத்தில் நமக்குச் சட்டென்று தெரிகிறது. இங்கே ரகத்துக்கும் ஊருக்கும் ஒரே பெயர் அமைந்துவிட்டதால் கடை அலமாரி முன்னால் நிற்கிறவர் ஏமாந்துபோகிறார். இந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான் இப்போது நோபிலே லேபிளில் டஸ்கனியின் பெயரையும் சேர்க்கிறார்கள்.

ட்ரெப்பியானோவிலும் இதே சிக்கல். டஸ்கனியின் ட்ரெப்பியானோ என்பது பிரான்சில் கோன்யாக் என்ற பிராந்தி காய்ச்சப் பயன்படும் அதே ரகம். நிறைய காய்க்கும், சுவை பெரும்பாலும் வெளிறியே இருக்கும். அப்ரூட்சோவுக்கென்றே உரிய ட்ரெப்பியானோ அப்ருட்செசே வேறு ரகம். 'ட்ரெப்பியானோ தப்ரூட்சோ' என்ற பெயரில் சட்டம் இரண்டையும் அனுமதிக்கிறது. ஆகவே மலிவான ஒரு பாட்டிலைக் குடித்துவிட்டு, 'ட்ரெப்பியானோ என்றாலே தண்ணீர் மாதிரிதான்' என்று முடிவு கட்டாதீர்கள். செய்தவர் யார், எந்த ரகம் என்று பாருங்கள். செராசுவோலோ தப்ரூட்சோ என்பது மொந்தேபுல்ச்சானோவிலிருந்து எடுக்கும் செர்ரி நிற ரோஸே ஒயின். சிசிலியின் செராசுவோலோ தி விட்டோரியா முழுச் சிவப்பு, வேறு திராட்சைகள். பெகொரினோ என்பது வெள்ளைத் திராட்சை, செம்மறியாட்டுப்பால் சீஸுக்கும் அதே பெயர், அவ்வளவுதான்.

இனி, என்னை அதிகம் வருத்துகிற தவறு. வெள்ளை ஒயின் என்றால் வேலை குறைவானது, சீக்கிரம் குடித்துத் தீர்க்க வேண்டியது, சிவப்புக்கு முன்னால் வாய் நனைக்க மட்டுமே உதவுவது என்ற நினைப்பு. பேப்பே வீட்டில் நடப்பதைப் பாருங்கள். ட்ரெப்பியானோ குலைகளை மரத்தொட்டியில் போட்டுக் காலால் மிதிக்கிறார்கள். பழமைக்காக ஊரைக் கூட்டிக் காட்டுகிற சடங்கு என்று இதை நினைத்துவிட வேண்டாம். காலுக்குச் சாற்றைப் பிழியும் பலம் உண்டு, விதையை நொறுக்கும் பலம் கிடையாது. விதை நொறுங்கினால் கசப்பு இறங்கும். பிழிந்த சாறு மட்டும் தொட்டிக்குப் போய், தோட்டத்திலிருந்து பழத்தோடு வந்த ஈஸ்ட்டிலேயே நொதிக்கிறது.

சிவப்புக்கு வேறு வழி. மொந்தேபுல்ச்சானோ குலைகளை ஒரு வலைமேல் வைத்துக் கையால் தேய்க்கிறார்கள். பழம் கீழே விழும், காம்பு மேலேயே நிற்கும். பச்சைக் காம்பு உள்ளே போனால் முரட்டுத் துவர்ப்பு வரும், அதனால்தான் இந்தப் பாடு. பிறகு சாறும் தோலும் சேர்ந்தே நொதிக்கின்றன. பெரும்பாலான கறுப்புத் திராட்சைகளின் சதையில் நிறமே கிடையாது. ஒரு பழத்தைப் பிதுக்கிப் பாருங்கள், தெரியும். நிறம், துவர்ப்பு எல்லாம் தோலிலிருந்து வருபவை. கறுப்புத் திராட்சையைப் பிழிந்து உடனே தோலை நீக்கிவிட்டால் கிட்டத்தட்ட வெள்ளை ஒயினே கிடைக்கும். அதாவது வெள்ளைக்குத் தோலின் துணை இல்லை. துவர்ப்பு என்ற காவல் இல்லாமல், தன் புளிப்பை நம்பித்தான் அது வருடங்களைத் தாண்ட வேண்டும். அப்படியும் இந்த வீட்டு ட்ரெப்பியானோ பல பத்தாண்டுகள் தாங்குகிறது. அவர்களுடைய நிலவறையில் பழைய ஆண்டுகளின் வெள்ளையும் சிவப்பும் லட்சக்கணக்கான பாட்டில்களாக அடுக்கியிருக்கின்றன. எல்லா வெள்ளையும் இப்படி வாழாது, பெரும்பாலானவை ஓரிரு ஆண்டுகளில் குடிக்க வேண்டியவைதான். ஆனால் நல்ல கையில் செய்த வெள்ளையை அவசரப்பட்டுத் திறப்பது, பாதி படித்த கதையை மூடி வைப்பதுபோல.

வயது வந்த பாட்டிலில் கசடு இருக்கும். இதைக் கண்டு கெட்டுப்போய்விட்டது என்று கொட்டியவர்கள் உண்டு. சிவப்பில் நிறப்பொருளும் துவர்ப்பும் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து அடியில் படியும். வெள்ளையில் கண்ணாடித் துணுக்கு மாதிரி, கற்கண்டுத் தூள் மாதிரி மினுங்கும். அது டார்டாரிக் அமிலத்தின் உப்பு, நம் வீட்டுப் புளிக்குப் புளிப்பைத் தருகிற அதே அமிலம். எந்தக் கெடுதலும் செய்யாது. பேப்பே வீட்டில் ஒயினை வடிகட்டாமல் அடைப்பதால் கசடு படிவது இயல்பு. ஆகவே பழைய பாட்டில்களை விற்பதற்கு முன் ஒவ்வொன்றாகத் திறந்து, கசடு அடியில் நின்றுவிட, தெளிந்ததை மட்டும் புதுப் பாட்டிலுக்குக் கையால் மாற்றி, புதுக் கார்க் போடுகிறார்கள். எமீதியோவின் மனைவி ரோசா இந்த வேலையைப் பல ஆண்டுகள் செய்தார். நீங்கள் வாங்கியது அப்படி மாற்றாத பழைய பாட்டில் என்றால், முந்தின நாளே நிமிர்த்தி வைத்துவிடுங்கள், ஊற்றும்போது கடைசி இரண்டு விரற்கடையை விட்டுவிடுங்கள். சரி, எல்லாக் கலங்கலும் நல்லதா என்றால், இல்லை. ஈரமான அட்டைப்பெட்டி வாடை அடித்தால் அது கார்க் கோளாறு, வினிகர் நெடி மூக்கில் ஏறினால் ஒயின் கெட்டுவிட்டது. கண்ணைவிட மூக்கை நம்புங்கள்.

ஒயின் படித்தவர்களே செய்கிற ஒரு தவறும் உண்டு. அப்ரூட்சோவில் திராட்சையைப் பந்தலில் ஏற்றுவது பழைய வழக்கம். நம் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைப் பந்தலுக்குக் கீழே நடந்திருந்தால் அந்தக் காட்சி உங்களுக்குப் பழக்கமானது. பந்தல் என்றால் மூட்டை மூட்டையாகக் காய்க்கும், தரம் இருக்காது என்று சொல்லிச் சொல்லி, பலர் பந்தலைப் பிடுங்கிவிட்டுக் கம்பி வரிசைக்கு மாறினார்கள். பேப்பே குடும்பம் பந்தலை விடவில்லை. இப்போது கோடைகள் கொதிக்கிற காலத்தில், பந்தல் இலைகள்தான் குலைகளுக்கு நிழலாகின்றன. பழம் வெயிலில் வாடாது, புளிப்பும் போகாது. விளைச்சல் மிகுவது பந்தலின் குற்றமில்லை, கவாத்து செய்கிறவர் விட்டுவைக்கிற மொட்டுகளின் கணக்கு அது.

மரப்பீப்பாய் விஷயமும் ஏறக்குறைய இப்படித்தான். ஓக் பீப்பாயில் இருந்தது என்றால் உயர்ந்தது என்று பலருக்கு ஒரு நம்பிக்கை. இந்த வீட்டில் ஒயினை வளர்க்க ஓக்கே கிடையாது. உள்ளே கண்ணாடிப் பூச்சு பூசிய சிமென்ட் தொட்டி, அப்புறம் பாட்டில். ஓக் தருகிற வனிலா மணத்தைத் தேடிப் போகிறவர் ஏமாறுவார், ஆனால் அந்தத் திராட்சையின் சுவை என்ன என்று தெரிந்துகொள்ள இதைவிட நேரான வழி இல்லை.

'குடும்ப ஒயின்' என்ற சொல்லைப் பார்த்தே பணத்தை நீட்டுவதும் தவறு. ஃபிளாரன்ஸின் ஆந்தினோரி 1385-இலிருந்து தலைமுறை தலைமுறையாக ஒயின் தொழிலில் இருக்கும் குடும்பம், ஆனால் இன்று பல பகுதிகளில் தோட்டங்கள் கொண்ட பெரிய நிறுவனம். அதுவும் குடும்பம்தான், அளவு வேறு, வேலைமுறை வேறு. லேபிளில் ஒரு சொற்றொடரைத் தேடுங்கள்: 'இம்போத்தில்யாத்தோ அல்லோரிஜினே'. விளைந்த இடத்திலேயே அடைக்கப்பட்டது என்று பொருள். வெறுமனே 'இம்போத்தில்யாத்தோ தா' என்று ஒரு பெயர் இருந்தால், அவர் அடைத்தார் என்பது மட்டும்தான் உறுதி. ஒயினை வெளியே வாங்கியும் அடைத்திருக்கலாம்.

'கொந்தியேனே சொல்ஃபீத்தி', அதாவது சல்ஃபைட் (ஒயின் கெடாமல் காக்கும் கந்தகச் சேர்மம்) உள்ளது என்ற வரியைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு விவரம். நொதிக்கும்போதே ஈஸ்ட் கொஞ்சம் சல்ஃபைட் உண்டாக்கும். லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் ஐரோப்பாவில் அதை எழுதியே ஆக வேண்டும். சிவப்பில் சல்ஃபைட் அதிகம், அதனால் தலைவலி என்கிறார்கள். சட்ட வரம்பு அதற்கு நேர்மாறாக இருக்கிறது: இனிப்பில்லாத சிவப்புக்கு லிட்டருக்கு 150 மில்லிகிராம், வெள்ளைக்கு 200.

அறை வெப்பத்தில் சிவப்பு என்ற விதி ஐரோப்பியக் கல்வீடுகளுக்கானது, 16 முதல் 18 டிகிரி. நம் அறையின் 32 டிகிரியில் மொந்தேபுல்ச்சானோவை ஊற்றினால் சாராய நெடி மட்டும் மேலே வரும். அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். நல்ல வெள்ளையை அதே பெட்டியிலிருந்து எடுத்த கையோடு ஊற்றாதீர்கள். 12 டிகிரி அளவுக்கு வந்தால்தான் மணம் அவிழும்.

நேரில் போக நினைப்பவர்கள் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். இந்த மாதிரி இடங்களில் வாசலில் நிற்கிறவருக்கு ஒயின் ஊற்றித் தருபவரே தோட்டத்திலும் வேலை செய்பவர். ஆகஸ்ட் 15 ஃபெராகோஸ்தோ விடுமுறை, அதை ஒட்டி நாடே ஓய்வில் இருக்கும். செப்டம்பரில் அறுவடை தொடங்கினால் யாருக்கும் பேச நேரம் இருக்காது. மொந்தேபுல்ச்சானோ தாமதமாகப் பழுப்பதால் அந்த வேலை அக்டோபர் வரை இழுக்கும். சென்ட் பூசிக்கொண்டு போகாதீர்கள், பக்கத்தில் நிற்கிறவரின் கிண்ணத்து மணத்தையும் அது கெடுத்துவிடும். சுவைத்ததைத் துப்புவது அங்கே அவமரியாதை கிடையாது, அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள்.

இந்தியாவுக்குத் திரும்பும்போது தீர்வையில்லாமல் கொண்டுவரக்கூடிய மதுவின் அளவு 2 லிட்டர். முக்கால் லிட்டர் பாட்டில் இரண்டு அதற்குள் அடங்கும், மூன்றாவது தாண்டிவிடும். இரண்டையும் சிவப்பாக வாங்கிவிடாதீர்கள். ஒரே ஆண்டின் ட்ரெப்பியானோ ஒன்று, மொந்தேபுல்ச்சானோ ஒன்று. அந்த ஆண்டு அந்தக் குன்றில் பெய்த மழையும் காய்ந்த வெயிலும் வெள்ளையில் ஒரு மாதிரியும் சிவப்பில் ஒரு மாதிரியும் பதிந்திருக்கும்.