விண்டோஸ் 7-ல் சர்வீசஸ் திறக்கவில்லையா? ஃபார்மேட் போடுமுன் இதைச் செய்து பாருங்கள்

மார்த்தாண்டத்தில் எங்கள் ஜெராக்ஸ் கடையில் ஒரு விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் இன்னும் ஓடுகிறது. மைக்ரோசாஃப்ட் அதற்கான சப்போர்ட்டை 2020 ஜனவரி 14-லேயே நிறுத்திவிட்டதால் பேங்க் வேலை எதையும் அதில் செய்வதில்லை. ஆனால் எங்கள் பழைய பிரின்டருக்குப் புது விண்டோஸில் டிரைவர் கிடைக்கவில்லை, கல்யாணப் பத்திரிகைக்கான பழைய ஃபான்ட் ஃபைல்களும் அதில்தான் கிடக்கின்றன.

இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது, இடி இடித்தால் கரண்டு போகும். அப்படி ஒரு சாயங்காலம் நான் சர்வீசஸ் விண்டோவை (பின்னணியில் ஓடும் விண்டோஸ் வேலைகளைத் தொடங்க, நிறுத்த உதவும் டூல்) மூடுகிற நேரத்தில் கரண்டு போக, யுபிஎஸ் பேட்டரியும் தாங்கவில்லை. மறுநாள் பிரின்ட் கியூ சிக்கிக்கொண்டது, பிரின்ட் வேலைகளை வரிசையில் வைத்து பிரின்டருக்கு அனுப்பும் ஸ்பூலரை ரீஸ்டார்ட் செய்யலாம் என்று சர்வீசஸைத் திறந்தால், எம்எம்சி-யால் (அது என்ன என்று கீழே சொல்கிறேன்) ஃபைலைத் திறக்க முடியவில்லை என்று எரர். ஃபார்மேட்தான் வழி என்று ஒரு சர்வீஸ் கடையில் சொன்னார்கள். நான் போடவில்லை, பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது.

கஸ்டமர் காத்திருந்தால் முதலில் பிரின்டரை ஓட வையுங்கள். ஸ்டார்ட் மெனுவில் சிஎம்டி என்று ஆங்கிலத்தில் அடித்து, வருவதன்மேல் ரைட் கிளிக் செய்து, 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுங்கள். கறுப்பு விண்டோவில் நெட் ஸ்டாப் ஸ்பூலர் என்று அடித்து என்டர், அப்புறம் நெட் ஸ்டார்ட் ஸ்பூலர், என்டர். இதற்கு சர்வீசஸ் விண்டோவே தேவையில்லை.

இனி ரிப்பேர். எம்எம்சி என்பது மைக்ரோசாஃப்ட் மேனேஜ்மென்ட் கன்சோல். சர்வீசஸ், ஈவென்ட் வியூவர், டாஸ்க் ஷெட்யூலர், டிவைஸ் மேனேஜர் எல்லாம் இந்த ஒரே சட்டகத்துக்குள் உட்கார்ந்திருப்பவை. நீங்கள் மாற்றி வைத்த நெடுவரிசை அகலம் போன்றவற்றை எம்எம்சி உங்கள் யூசர் ஃபோல்டரில் ஒரு சின்ன ஃபைலில் சேமித்து, அடுத்த முறை அதைத்தான் முதலில் படிக்கும். அந்த ஃபைல் பாதி எழுதியபடியே நின்றுபோனால் விண்டோஸில் வேறு எந்தக் குறையும் இல்லாமலேயே டூல் மட்டும் திறக்காது.

கோளாறு உங்கள் யூசரிலா, விண்டோஸிலா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டாதீர்கள். கன்ட்ரோல் பேனலில் யூசர் அக்கவுன்ட்ஸ் போய் அட்மினிஸ்ட்ரேட்டர் வகையில் புது யூசர் ஒன்று உருவாக்கி, அதில் லாகின் செய்து சர்வீசஸைத் திறந்து பாருங்கள்.

அங்கே திறந்தால் கோளாறு உங்கள் யூசரில்தான். பழைய யூசருக்குத் திரும்பி, விண்டோஸ் கீயும் ஆர்-உம் சேர்த்து அழுத்தி, சதவீதக் குறி, ஆப்டேட்டா, மறுபடி சதவீதக் குறி என்று இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் அடித்து என்டர் கொடுங்கள். திறக்கிற ஃபோல்டரில் மைக்ரோசாஃப்ட், அதற்குள் எம்எம்சி. அந்த எம்எம்சி ஃபோல்டரை அழிக்க வேண்டாம், பெயரை மட்டும் மாற்றுங்கள். மறுபடி சர்வீசஸைத் திறந்தால் விண்டோஸ் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். நெடுவரிசை அகலம் மாதிரியானவை பழைய நிலைக்குப் போகும், அவ்வளவுதான். எனக்கு இங்கேயே முடிந்துவிட்டது. புது யூசரை அப்புறம் நீக்கிவிடலாம்.

சர்வீசஸ் திறக்கிறது, ஈவென்ட் வியூவரும் டாஸ்க் ஷெட்யூலரும் மட்டும் அடம்பிடிக்கின்றன என்றால் டாட் நெட்டை (சில ப்ரோகிராம்கள் ஓடத் தேவையான மைக்ரோசாஃப்ட் துணை மென்பொருள்) சந்தேகப்படுங்கள், அவை இரண்டும் அதை நம்பி ஓடுபவை. கன்ட்ரோல் பேனலில் ப்ரோகிராம்ஸ், 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' போய் டாட் நெட் 3.5.1-இன் டிக்கை எடுத்து, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி டிக் போடுங்கள்.

புது யூசரிலும் எதுவும் திறக்காவிட்டால் விண்டோஸ் ஃபைலே கெட்டிருக்கலாம். அதே கறுப்பு விண்டோவில் எஸ்எஃப்சி, ஒரு இடைவெளி, முன்சாய்கோடு, அதை ஒட்டி ஸ்கேன்நவ் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர், இது விண்டோஸ் ஃபைல்களைச் சோதித்துச் சரிசெய்யும் கட்டளை. பழைய ஹார்டுடிஸ்கில் நேரமெடுக்கும், நடுவில் மூடாதீர்கள், மழை வருகிற மாதிரி இருந்தால் அன்றைக்கு ஆரம்பிக்கவே வேண்டாம். கெட்டதைச் சரிசெய்துவிட்டதாகச் சொன்னால் ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை என்று சொன்னாலும் ஃபார்மேட் போட வேண்டியதில்லை. உங்கள் ஃபைல்களை வேறொரு டிஸ்கில் காப்பி எடுத்துவிட்டு, அதே எடிஷன், அதே மொழி விண்டோஸ் 7 டிவிடியை, சர்வீஸ் பேக் 1 (மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட அப்டேட் தொகுப்பு) போட்ட மெஷின் என்றால் சர்வீஸ் பேக் 1 உள்ள டிவிடியை, விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே போட்டு 'அப்கிரேடு' கொடுங்கள். சிஸ்டம் ஃபைல்கள் புதிதாகும், ஃபான்ட்டும் பிரின்டர் டிரைவரும் பொதுவாக அப்படியே இருக்கும்.