கெல்டெக் சப்-2000: ரேஞ்சில் முதல் நாள்

அமெரிக்காவில் மலிவு விலையில் கிடைக்கும் 9 மி.மீ. கார்பைன்களில் (குட்டை ரைபிள்களில்), இரண்டாக மடித்துச் சாதாரண முதுகுப்பையில் வைக்கக்கூடியது கெல்டெக் சப்-2000. கிளாக் கைத்துப்பாக்கியின் மேகசினை (தோட்டாப் பெட்டியை) ஏற்கும் மாடலையே வாங்குங்கள், மேகசின் எளிதாகக் கிடைக்கும்.

முதலில் மேகசினைக் கழற்றி, போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளும் பாகத்தை) இழுத்து, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலிதானா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். மடிப்பதற்கு முன்பும் இதே சோதனைதான், ஏனென்றால் மடிக்கும்போது குழல் உங்கள் பக்கமே திரும்பி வரும். விரித்தபின் பூட்டு விழுந்ததா என்று அசைத்துப் பாருங்கள்.

அப்புறம் கன்னம். போல்ட் பின்னால் உள்ள குழாய்க்குள்ளேயே ஓடுகிறது, அந்தக் குழாய்மேல்தான் கன்னத்தை வைக்க வேண்டும், அதனால் 9 மி.மீ. தோட்டாவுக்கு எதிர்பார்க்காத அளவு பலமான ஒரு குத்து கன்ன எலும்பில் விழும். தோளில் இறுக்கி, கன்னத்தை லேசாக வைத்தால் தாங்கலாம்.

25 கஜத்தில் குறி சரிசெய்ய முன்சைட்டைத்தான் (குழலின் முன்பக்கக் குறிமுனையைத்தான்) நகர்த்த வேண்டும்: குண்டு இடப்பக்கம் விழுந்தால் அதையும் இடப்பக்கமே தள்ளுங்கள். ரெட் டாட் (சிவப்புப் புள்ளியால் குறி காட்டும் கருவி) பிறகு பார்க்கலாம், பழைய மாடல்களில் அதைச் சாதாரணமாகப் பொருத்தினால் மடிக்க முடியாது.