பின்னால் 30 அடி ட்ரெய்லர்: பெட்ரோல் போடுவதும் பார்க் செய்வதும்

அமெரிக்காவில் பிக்கப் வண்டிக்குப் பின்னால், உள்ளேயே தங்கிக்கொள்ளும் வீடு மாதிரியான ட்ரெய்லர் மாட்டிக்கொண்டு முதல் தடவை கிளம்புகிறவர்கள் ஹைவேயை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். சுமையைச் சரியாக ஏற்றி, ஹிட்ச்சை, அதாவது வண்டியையும் ட்ரெய்லரையும் இணைக்கும் கொக்கியை, சரியாக மாட்டியிருந்தால் ஹைவே பெரிய விஷயமில்லை. வலது லேனில் 60 மைல் வேகத்தில் போனால் ட்ரெய்லர் பாட்டுக்குப் பின்னால் வரும். சிக்கல் எக்ஸிட் எடுத்த பிறகுதான். பெட்ரோல் பங்க், ஹோட்டல் வாசல், கேம்ப் கிரவுண்டுக்குள் இருக்கும் குறுகலான பாதை என்று மணிக்கு 5 மைல் வேகத்தில் ஊர்கிற இடங்களில்தான் பக்கவாட்டுத் தகடு கிழியும், கூரை ஏ.சி. உடையும்.

கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு, நுழைந்த இடத்திலிருந்து எப்படியும் வெளியே வந்துவிடலாம் என்ற நினைப்பு ஊறிப்போயிருக்கும். ட்ரெய்லரோடு அது செல்லாது. அபிமன்யு சக்கர வியூகத்துக்குள் போன கதைதான். அதனால், வெளியேறும் வழி கண்ணில் படாதவரை எந்த இடத்துக்குள்ளும் திரும்பாதீர்கள். கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒரு விஷயத்தின் விரிவுதான்.

இது 25 முதல் 35 அடி வரையுள்ள டிராவல் ட்ரெய்லரை எஃப்-150 மாதிரியான பிக்கப்பில் இழுப்பவர்களுக்கு எழுதியது. ஃபிஃப்த் வீல், அதாவது பிக்கப்பின் பின் தொட்டிக்குள்ளேயே மாட்டும் உயரமான ட்ரெய்லர், இழுப்பவர்கள் உயரத்தை மட்டும் கூடுதலாகக் கவனித்துக்கொள்ளுங்கள்.

படி 1: டேப் எடுத்து அளந்து பாருங்கள்

ட்ரெய்லரின் மாடல் பெயரில் 26 என்று இருந்தால் நீளம் 26 அடி என்று நம்பிவிடாதீர்கள். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கிச் சட்டம், பின் பம்பர் எல்லாம் சேர்ந்தால் அது 30 அடியைத் தொடலாம். அதோடு பிக்கப் ஒரு 19 அடி. ஆக நீங்கள் ஓட்டுவது கிட்டத்தட்ட 50 அடி வண்டி.

தரையிலிருந்து கூரை ஏ.சி.யின் உச்சி வரை உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். டிராவல் ட்ரெய்லர்கள் பெரும்பாலும் 11 அடியை ஒட்டி இருக்கும், ஃபிஃப்த் வீல் 13 அடியைக்கூடத் தாண்டலாம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டி வையுங்கள். பாலத்துக்கு முன்னால் உயரப் பலகை வரும்போது, நம்முடையது எத்தனை அடி என்று மனக்கணக்குப் போட நேரம் இருக்காது.

படி 2: டேங்க் பாதியானதும் பங்க் தேடுங்கள்

சும்மா ஓடும்போது கேலனுக்கு 20 மைல் தரும் பிக்கப், பெரிய ட்ரெய்லரை இழுக்கும்போது 9 அல்லது 10 மைல்தான் தரும். எதிர்க்காற்றும் மேடும் சேர்ந்தால் அதுவும் இறங்கும். 26 கேலன் டேங்க் என்றால், 9 மைல் கணக்கில் 234 மைல். கடைசிச் சொட்டு வரை ஓட்டினால்தான் அந்தக் கணக்கு. டேஷ்போர்டு காட்டும் மீதி மைல் கணக்கை முதல் ஒரு மணி நேரம் நம்பாதீர்கள். ட்ரெய்லர் இல்லாமல் ஓடியதை வைத்து அது தாராளமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்.

கால் டேங்க் வரை காத்திருந்தால், கிடைக்கிற பங்க்கில் நுழைய வேண்டிய நிலை வரும். பாதி டேங்கில் தேட ஆரம்பித்தால் வசதியான பங்க்கைத் தேர்ந்தெடுக்கலாம். மேற்கு மாநிலங்களில் இது இன்னும் முக்கியம். யூட்டாவில் ஐ-70 நெடுஞ்சாலையில் கிரீன் ரிவருக்கும் சலைனாவுக்கும் நடுவே 100 மைலுக்கு மேல் ஒரு பங்க்கூடக் கிடையாது, பாதையோ ஏற்றம். கிரீன் ரிவரில் முக்கால் டேங்க் இருந்தால்கூட நிரப்பிக்கொண்டுதான் நான் கிளம்புவேன்.

படி 3: போகும் முன்பே பங்க்கை மேலிருந்து பாருங்கள்

கூகுள் மேப்ஸில் சாட்டிலைட் படத்தைத் திறந்தால் பங்க்கின் கூரையும் அதைச் சுற்றியுள்ள இடமும் தெரியும். முந்தைய இரவே இரண்டு மூன்று பங்க்குகளைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். மூன்று விஷயங்களைப் பாருங்கள். நுழையும் வழியும் வெளியேறும் வழியும் தனித்தனியாக இருக்கிறதா? பம்புகளுக்கும் கடைக்கும் நடுவே 50 அடி வண்டி திரும்ப இடம் இருக்கிறதா? ஓரத்து வரிசையில் நின்றால் நேராகவே சாலைக்குப் போய்விட முடியுமா?

பம்பு வரிசை கடைக்கு இணையாக ஓடும் பங்க்குகள் நமக்கு ஏற்றவை. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடலாம். பம்பிலிருந்து நேராகக் கடை வாசலைப் பார்த்து நிற்க வேண்டிய அமைப்பாக இருந்தால், எவ்வளவு மலிவு விலை என்றாலும் கடந்து போய்விடுங்கள்.

ஹைவே ஓரத்து ட்ரக் ஸ்டாப்கள் இன்னும் வசதி. பைலட் ஃப்ளையிங் ஜே, லவ்ஸ் போன்றவற்றின் சில கிளைகளில் ஆர்.வி.க்கென்றே (நம்முடையது மாதிரி தங்கும் வசதியுள்ள வண்டிகளுக்கு) தனி லேன் இருக்கும். டீசல் பிக்கப் வைத்திருந்தால் லாரிகள் நிற்கும் லேனுக்கும் போகலாம். அங்கே கூரை உயரம், இடமும் தாராளம். ஆனால் லாரி லேனின் நாசில் பருமனானது, வேகமாகவும் ஊற்றும். உங்கள் டேங்க் வாய்க்குள் அது போகுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நிரப்பியதும் முன்னால் உள்ள கோடு வரை வண்டியை நகர்த்திவிட்டு அப்புறம் கடைக்குள் போங்கள். பின்னால் நிற்கும் லாரிக்காரருக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

படி 4: உள்ளே திரும்பும் முன் புரோப்பேனை அணையுங்கள்

ட்ரெய்லரின் ஃப்ரிட்ஜும் தண்ணீர் ஹீட்டரும் புரோப்பேனில் ஓடுகின்றன என்றால், அவற்றுக்குள் ஒரு சிறு சுடர் இருக்கும், அல்லது தானாகப் பற்றவைக்கும் பொறி இருக்கும். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்துக்கு அதைக் கொண்டுபோகக் கூடாது. பங்க்குக்கு முன்பே எங்காவது ஓரம் கட்டி அவற்றை அணைத்து, சிலிண்டர் வால்வையும் மூடுங்கள். கிளம்பும்போதே மூடிவிடுவது அதைவிட நல்லது. கதவைத் திறக்காமல் இருந்தால் ஃப்ரிட்ஜில் இருக்கும் மாவும் தயிரும் சில மணி நேரத்தில் கெட்டுவிடாது.

படி 5: பம்பை நெருங்குவது

பெரிய பிக்கப்களில் டேங்க் மூடி பெரும்பாலும் இடப்பக்கம் இருக்கும். அதாவது டிரைவர் பக்கம். அதனால் பம்பு உங்கள் இடது கை ஜன்னல் பக்கம் வருவதுபோல் ஓரத்து வரிசையில் நுழையுங்கள். கூரையின் விளிம்பில் உயரம் எழுதியிருக்கும். எழுதவில்லை என்றால், உடன் வருபவரை இறக்கிவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

வரிசைக்குள் நுழையும் முன்பே வண்டி முழுவதும் நேராகியிருக்க வேண்டும். வளைந்துகொண்டே நுழைந்தால் பிக்கப் தாண்டிய மஞ்சள் கம்பத்தை ட்ரெய்லர் தாண்டாது. ட்ரெய்லரின் சக்கரங்கள் பிக்கப்பின் தடத்தில் வராமல், திருப்பத்தின் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். பம்பிலிருந்து மூன்று அடி தள்ளியே நில்லுங்கள். குழாய் அவ்வளவு தூரம் தாராளமாக எட்டும்.

இவ்வளவு பெரிய டேங்கை நிரப்பும்போது, கார்டுக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பைத் தொட்டதும் பம்பு பாதியில் நின்றுவிடுவதுண்டு. பழுது என்று நினைக்க வேண்டாம், கார்டை மறுபடி போட்டால் தொடரும். நியூஜெர்சியில் மட்டும் பெட்ரோலை நீங்களே போட முடியாது, பங்க் ஊழியர்தான் போடுவார்.

படி 6: வெளியேறுவது

பங்க்கில் நடக்கும் சேதம் அதிகமும் இங்கேதான், பெட்ரோல் போட்டு முடித்த நிம்மதியில். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பம்பு உங்கள் இடப்பக்கம் இருக்கிறது. இடப்பக்கம் திருப்பினால், ட்ரெய்லரின் இடது பக்கவாட்டு, உள்பக்கம் வெட்டிக்கொண்டு வந்து கடைசிக் கம்பத்தில் உரசும். இது எல்லோரும் எதிர்பார்ப்பது. வலப்பக்கம் திருப்பினால் தப்பித்தோம் என்றுதான் தோன்றும், ஆனால் அப்போதும் பம்புக்கு ஆபத்து உண்டு. ட்ரெய்லர் தன் அச்சை மையமாக வைத்துத் திரும்புகிறது. அச்சுக்குப் பின்னால் எட்டு பத்து அடி உடம்பு இருக்கிறது. முன்பாகம் வலப்பக்கம் போகும்போது அந்தப் பின்பாகம் இடப்பக்கம் வீசும், ஸ்டியரிங்கை ஒடித்தால் ஓர் அடிக்கு மேல்கூட. டிரைவர் அந்த நேரம் வலது கண்ணாடியில் கண்ணாக இருப்பார், இடது பின் மூலை பம்பில் போய் இடிக்கும்.

அதனால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டியிருந்தாலும் முதலில் நேராகப் போங்கள். இடப்பக்கம் என்றால் ட்ரெய்லர் சக்கரங்கள் கடைசிக் கம்பத்தைத் தாண்டும் வரை. வலப்பக்கம் என்றால் பின் பம்பரே தாண்டும் வரை. இரண்டு கண்ணாடியையும் மாறி மாறிப் பாருங்கள். முன்னால் நேராகப் போக அவ்வளவு இடம் இல்லாத பங்க் என்றால், படி 3-இலேயே அதைக் கழித்திருக்க வேண்டும்.

படி 7: பகலில் சாப்பிட, ஷாப்பிங் செய்ய நிறுத்துவது

பெரிய கடைகளின் பார்க்கிங்கில் கடைசி வரிசைக்குப் போங்கள். ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும் இடங்களில் நேராக நுழைந்து, மூக்கு வெளிவழியைப் பார்த்தபடி நிறுத்துங்கள். திரும்பி வரும்போது உங்களுக்கு முன்னாலும் பக்கத்திலும் கார்கள் நிற்கும் என்று வைத்துக்கொண்டே இடம் தேர்ந்தெடுங்கள். ஓரத்தில், ஒரு பக்கமாவது புல்லோ நடைபாதையோ இருப்பது நல்லது. அப்படியே மேலேயும் ஒரு பார்வை: நிழல் இருக்கிறதே என்று மரத்தடியில் நுழைந்தால் தாழ்ந்த கிளை கூரையைக் கிழித்துவிடும். டிரைவ் த்ரூ பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

சுற்றுலா இடங்களின் விதிகளை முன்பே பார்த்துவிடுங்கள். க்ளேசியர் தேசியப் பூங்காவின் கோயிங் டு தி சன் சாலையில், மலை ஏறும் பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டிகளுக்கு அனுமதியே இல்லை. ட்ரெய்லரைக் கேம்ப் கிரவுண்டில் கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். நியூயார்க்கின் பார்க்வே சாலைகளில் ட்ரெய்லருக்குத் தடை, பாலங்களும் தாழ்வு. சாதாரண கார் ஜி.பி.எஸ். இதெல்லாம் தெரியாமல் உங்களை அங்கேயே அனுப்பும்.

படி 8: வழியில் ஓர் இரவு

வால்மார்ட்டில் எங்கும் இரவு தங்கலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். அது அந்தந்தக் கடை மேனேஜர் விருப்பம், ஊர்ச் சட்டமும் இடம் தர வேண்டும். போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். ஹைவே ரெஸ்ட் ஏரியாக்களில் மாநிலத்துக்கு மாநிலம் நேர வரம்பு உண்டு: கலிஃபோர்னியாவில் 8 மணி நேரம், டெக்சாஸில் 24, ஃபுளோரிடாவில் 3 மட்டுமே.

ட்ரக் ஸ்டாப்பில் லாரி இடம் காலியாகத் தெரிந்தாலும் இரவில் அதைப் பிடிக்காதீர்கள். லாரி ஓட்டுநர்கள் 11 மணி நேரம் ஓட்டிவிட்டால் சட்டப்படி 10 மணி நேரம் ஓய்வெடுத்தாக வேண்டும். அவர்களுக்கு அந்த இடத்தை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. நமக்குக் கேம்ப் கிரவுண்ட் இருக்கிறது.

படி 9: கேம்ப் கிரவுண்டில் ரிவர்ஸ்

முதல் சில பயணங்களுக்குப் 'புல் த்ரூ' இடமாகவே புக் செய்யுங்கள். நேராக நுழைந்து நேராகவே போய்விடலாம். ஆனாலும் ரிவர்ஸ் பழகாமல் தீராது. ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும் பள்ளிக்கூடப் பார்க்கிங்கில் நாலு பிளாஸ்டிக் கூம்பு வைத்துப் பழகுங்கள். ட்ரெய்லர் பக்கவாட்டில் ஆடாமல் தடுக்கும் உராய்வு வகை ஸ்வே பார் மாட்டியிருந்தால் ரிவர்ஸ் எடுக்கும் முன் அதைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் வளைந்து போகும்.

கையை ஸ்டியரிங்கின் அடியில் வையுங்கள். ட்ரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். மூளையைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேறு எதுவும் இல்லை. உங்கள் இடம் டிரைவர் பக்கம், அதாவது இடப்பக்கம் வரும்படி பாதையில் வாருங்கள். ட்ரெய்லரின் சக்கரங்கள் அதன் வாயைக் கொஞ்சம் தாண்டியதும் நிறுத்துங்கள். கையை இடப்பக்கம் நகர்த்தி மெதுவாகப் பின்னால் வந்தால் ட்ரெய்லர் உள்ளே திரும்ப ஆரம்பிக்கும். ஆரம்பித்ததும் கையை வலப்பக்கம் கொண்டுவந்து, பிக்கப் அதன் பின்னாலேயே போகும்படி விடுங்கள். இந்தக் கட்டத்தில் பிக்கப்பின் மூக்கு பாதையின் எதிர்ப்பக்கம் வீசும், அங்கே மரமோ கம்பமோ இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். கோணம் கூடிக்கொண்டே போனால் நிறுத்தி, முன்னால் போய் நேராக்கிவிட்டு மறுபடி வாருங்கள். அனுபவசாலிகளும் அப்படித்தான் செய்கிறார்கள்.

பின்னால் ஒருவர் நின்று சைகை காட்டட்டும். கேம்ப் கிரவுண்டில் கணவன் மனைவி சண்டை தொடங்கும் இடம் இதுதான். "வரலாம், வரலாம்" என்று கத்துவது டீசல் இன்ஜின் சத்தத்தில் கேட்காது. காடுகளில் போன் சிக்னல் இருக்காது, வாக்கி டாக்கி வைத்துக்கொள்ளுங்கள். "ரைட்" என்றால் திருப்பவா, சரியென்று வரவா என்பதை முன்பே பேசி முடித்துவிடுங்கள். கண்ணாடியில் அவர் முகம் மறைந்தால் உடனே பிரேக்.

படி 10: கழற்றும் வரிசை

இதை மாற்றவே கூடாது. முதலில் இடவலம் மட்டம் பார்த்து, தேவைப்பட்டால் தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்கு அடியில் பலகை போட்டு ஏற்றுங்கள். அடுத்து இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். அதற்குப் பிறகுதான் ஹிட்ச்சைக் கழற்ற வேண்டும், கடைசியாகச் சங்கிலியும் ஒயரும். கட்டை வைக்காமல் கழற்றினால், கண்ணுக்குத் தெரியாத சரிவில்கூட ட்ரெய்லர் உருண்டுவிடும். முன்பின் மட்டத்தை அப்புறம் முன் ஜாக்கியால் சரி செய்துகொள்ளலாம். நான்கு மூலை ஜாக்கிகள் ஆட்டத்தை நிறுத்துவதற்கு மட்டும், அவற்றால் ட்ரெய்லரைத் தூக்கப் பார்க்காதீர்கள்.

எல்லாம் முடிந்து காபி குடித்ததும், வெளிச்சம் இருக்கும்போதே வெறும் பிக்கப்பை மட்டும் எடுத்துக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போய் டேங்கை நிரப்பி வந்துவிடுங்கள். மறுநாளின் முதல் பங்க் நிறுத்தம் இல்லாமலே போய்விடும்.