பார்வோவிலிருந்து மீளும் நாய்க்குட்டியை வீட்டில் தேற்றுவது எப்படி?

போன ஐப்பசி மழையில், கோத்தகிரிக்குக் கீழே எங்கள் ஊரில் பச்சைத் தேயிலை எடை போடும் கொட்டகைக்குப் பின்னால் கிடந்த குட்டிதான் பொம்மி. இரண்டு மாதக் குட்டி. ஒரு தடுப்பூசி போட்டோம். அடுத்ததற்கு இன்னும் ஒரு வாரம் இருக்கும்போது பார்வோ என்ற வைரஸ் நோய் வந்துவிட்டது. ஐந்து நாள் ட்ரிப்ஸ் ஏறி, எலும்பும் தோலுமாக, ஆனால் உயிரோடு வீட்டுக்கு வந்தாள். அதற்குப் பிறகு வீட்டில் அவளைத் தேற்றிய விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வாந்தியும் பேதியும் சேர்ந்து வந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். பக்கத்து வீட்டு அக்கா, "பூச்சியா இருக்கும்மா, மாத்திரை குடு, சரியாப் போயிடும்" என்றார். நானும் பூச்சி மாத்திரை கொடுத்துவிட்டு ஒரு ராத்திரியை வீணாக்கினேன். விடியும்போது பேதியில் ரத்தம். அந்த வாடையை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். குன்னூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். குச்சியில் மலத்தைத் தொட்டுச் செய்யும் பரிசோதனை சில நிமிடங்களில் பார்வோ என்று காட்டிவிட்டது. இந்த வைரஸைக் கொல்கிற மாத்திரை என்று ஒன்று இல்லை. இழந்த நீரை ட்ரிப்ஸில் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, வேறு கிருமி ரத்தத்தில் கலக்காமல் ஆன்டிபயாடிக் கொடுத்து, குட்டியின் உடம்பே நோயை ஜெயிக்கும்வரை தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. அதை டாக்டர்தான் செய்ய முடியும். "இனி வீட்டில் வைத்துப் பார்க்கலாம்" என்று அவர் சொன்ன நாளிலிருந்துதான் நம் வேலை.

முதல் வேலை: சூடு

எங்கள் ஊரில் கார்த்திகை, மார்கழி ராத்திரிகளில் பெரிய நாய்க்கே நடுங்கும். கொழுப்பெல்லாம் கரைந்துபோன குட்டியால் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ள முடியாது. ஒரு அட்டைப் பெட்டியில் பழைய கம்பளியை விரித்து, வெந்நீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டிலை இரண்டு காலுறைக்குள் போட்டுப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். மறுபக்கம் சூடில்லாமல் இருக்கட்டும். அதிகமானால் குட்டி தானாக அங்கே நகர்ந்துகொள்ளும். கதவைச் சாத்திவிட்டுக் கரிக் கணப்பு மட்டும் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் நச்சு வாயு மனிதரையும் கொல்லும், குட்டியையும் கொல்லும்.

மருந்துக் கடையில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சரி. 99-க்குக் கீழே போனால் உடனே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். உடம்பு சில்லென்று இருக்கும்போது எதையும் ஊட்டாதீர்கள், குடல் வேலை செய்யாது. முதலில் சூடாக்குங்கள், அப்புறம் சாப்பாடு.

இரண்டாவது: தராசும் நோட்டும்

தினமும் காலையில் எடை போடுங்கள். கண்ணால் பார்த்து "தேறிட்டா" என்று நினைத்ததெல்லாம் எனக்குத் தப்பாகவே இருந்தது. பாத்ரூமில் வைக்கும் தராசு இதற்கு உதவாது, நூறு கிராம் வித்தியாசத்தை அது சரியாகக் காட்டாது. தேயிலைக்காரர்கள் வைத்திருக்கும் கொக்கி மாட்டிய டிஜிட்டல் தராசுதான் நல்லது. குட்டியைத் துணிப்பையில் உட்காரவைத்து மாட்டினால் போதும். பையின் எடையைக் கழிக்க மறக்காதீர்கள். ஒரே நாளில் எடை சட்டென்று இறங்கினால் அது பெரும்பாலும் நீர் வற்றுவதுதான். ஈறையும் தொட்டுப் பாருங்கள். வழவழவென்று ஈரமாக இருக்க வேண்டும், விரலில் பிசின்போல ஒட்டக் கூடாது. ஈறை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும்.

மூன்றாவது: ஊட்டுவது

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் பொம்மி தானாக எழுந்து தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போனாள். ஆறு நாளாக ஒரு சொட்டுக்கூட வாயில் வாங்காதவள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. குடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கிண்ணம் காலியானது. கால் மணி நேரத்தில் அத்தனையும் வாந்தி, அதோடு நுரையும் பித்தமும். மறுநாள் திரும்பவும் ட்ரிப்ஸ்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். வேகமாகப் பெருகும் செல்களைத்தான் பார்வோ தேடிப் போய் அழிக்கும். குடலின் உள்தோல் அப்படிப்பட்டது, எலும்பு மஜ்ஜையும் அப்படித்தான். நோய் நின்ற பிறகும் குடல் உள்ளே புண்ணாகத்தான் இருக்கும். புதுத் தோல் வளரச் சில நாட்கள் வேண்டும். அதே சமயம் வயிறு ரொம்ப நேரம் காலியாகக் கிடந்தாலும் குடல் ஆறாது. ஆக, கொடுக்கவும் வேண்டும், நிறையக் கொடுக்கவும் கூடாது. எவ்வளவு என்பதைக் குட்டியின் பசியிடமும் விடக் கூடாது, நம் பாசத்திடமும் விடக் கூடாது. சிரிஞ்சில் இருக்கும் கோடுதான் முடிவு செய்ய வேண்டும்.

பொம்மி அப்போது 2 கிலோ 100 கிராம். அவளுக்கு டாக்டர் சொன்னது இது. உங்கள் குட்டிக்கான அளவை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். கிண்ணத்தை எடுத்துவிட்டு, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை 5 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர். மூன்று தடவை வாந்தி இல்லாமல் தங்கினால் 10 மில்லி. அதுவும் தங்கினால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு மேசைக்கரண்டி கஞ்சி. இடையில் வாந்தி வந்தால் டாக்டரைக் கேட்காமல் அடுத்ததைக் கொடுக்கக் கூடாது.

பால் புட்டியைவிட ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்ச் நல்லது. அதை நேராகத் தொண்டைக்குள் பீய்ச்சாதீர்கள். தலையை அண்ணாந்து பிடிக்கவும் வேண்டாம். குட்டி எப்போதும்போல் நிற்கட்டும் அல்லது உட்காரட்டும். கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள பைக்குள் சிரிஞ்ச் நுனியை வைத்து, அரை மில்லி விட்டு, விழுங்கும்வரை காத்திருந்து, அடுத்த அரை மில்லி. அவசரப்பட்டால் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும்.

கஞ்சி வைக்கும் முறை: தோலும் எலும்பும் நீக்கிய கோழி ஒரு பங்கு, பச்சரிசி இரண்டு பங்கு. உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களையே உடைக்கும். குக்கரில்தான் வைக்க வேண்டும். எங்கள் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் வைத்தால் அரிசி நடுவில் நறுக்கென்று நிற்கும். குழையக் குழைய வெந்ததும் கையால் மசித்து, வெதுவெதுப்பாகக் கொடுங்கள். பசும்பால் வேண்டாம், பேதி கூடும்.

ராத்திரியும் அலாரம் வைத்து எழுந்து ஊட்டுங்கள். சின்னக் குட்டிக்குச் சர்க்கரை சீக்கிரம் இறங்கிவிடும். தள்ளாடினாலோ நடுங்கினாலோ குளுக்கோஸைத் தண்ணீரில் குழைத்து ஈறில் தடவிவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். பேதியை நிறுத்த மனிதர்கள் போடும் மாத்திரையும், காய்ச்சலுக்கு நாம் போடும் மாத்திரையும் கொடுக்கவே கூடாது.

மலம் கெட்டியான பிறகு நான்கைந்து நாளில் பழைய சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றலாம்.

நான்காவது: தரை

பினாயில் ஊற்றினால் பார்வோ சாகாது. ப்ளீச் வேண்டும். முதலில் சோப்புத் தண்ணீரில் அழுக்கைக் கழுவி எடுங்கள், அழுக்கின் மேல் ஊற்றினால் ப்ளீச் வேலை செய்யாது. அப்புறம் 30 பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு ப்ளீச் திரவம் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஈரமாகவே விட்டு அலசுங்கள். ஆசிடோடு கலக்கவே கூடாது. அந்த நேரம் குட்டி வேறு அறையில் இருக்கட்டும். ப்ளீச்சிங் பவுடரைவிட நான் திரவத்தைத்தான் வாங்குவேன். நம் மலை ஈரத்தில் பவுடர் மூட்டை சீக்கிரம் வீரியம் இழந்துவிடும்.

பின்சேர்க்கை 1: "முற்றத்து மண்ணை என்ன செய்வது?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். மண்ணை முழுதாகச் சுத்தம் செய்ய வழியில்லை. நிழலும் ஈரமுமான மண்ணில் வைரஸ் மாதக்கணக்கில், ஒரு வருடம் வரைகூட இருக்கும். தடுப்பூசி முடியாத வேறு குட்டியை அங்கே விடாதீர்கள். தேறிய குட்டியும் இரண்டு வாரத்துக்கு மேல் மலத்தில் வைரஸை வெளியேற்றும். அதுவரை தெருவுக்குக் கூட்டிப் போக வேண்டாம். மனிதருக்கு இது தொற்றாது, ஆனால் செருப்பில் ஒட்டி அடுத்த வீட்டுக்குப் போகும்.

பின்சேர்க்கை 2: கொடைக்கானலிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். குட்டி நான்கு நாள் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு மறுபடி வாந்தி எடுத்ததாம், வயிற்றைத் தொட்டால் கத்தியதாம். வத்தலக்குண்டு இறங்கி ஸ்கேன் எடுத்தபோது குடலுக்குள் குடல் சொருகியிருந்தது. பார்வோ வந்த குட்டிகளுக்கு இப்படி ஆவதுண்டு, ஆபரேஷன்தான் வழி. எனவே தேறிய பிறகு திரும்ப வரும் வாந்தியைக் கஞ்சியின் குற்றம் என்று நினைத்துக் காத்திருக்க வேண்டாம்.

பின்சேர்க்கை 3: "பார்வோ வந்து போயிற்றே, இனி ஊசி எதற்கு?" என்றும் ஒரு கேள்வி. பார்வோவுக்கு எதிர்ப்புச் சக்தி வந்திருக்கும், டிஸ்டம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோய்க்கும் வெறிநோய்க்கும் வந்திருக்காது. பொம்மிக்கு உடம்பு முழுதாகத் தேறிய பிறகு, டாக்டர் சொன்ன தேதியில் விட்ட இடத்திலிருந்து ஊசிகளைத் தொடர்ந்தோம். குட்டிகளுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை போட வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசிகளைத் தடுத்துவிடலாம் என்பதால்தான் இத்தனை முறை. நேற்று கொக்கித் தராசில் பொம்மி 9 கிலோ 400.