டிஎன்ஏ வைரஸ் படிக்கறப்போ தவிர்க்க வேண்டிய தவறுகள்

"டிஎன்ஏ வைரஸ் எல்லாம் டபுள் ஸ்ட்ராண்டு, லீனியர், ஐகோசஹெட்ரல், நியூக்ளியஸ்ல பெருகும்." மைக்ரோபயாலஜி நோட்டை யார்கிட்ட வாங்கி பார்த்தாலும் முதல் வரி இதுவா தான் இருக்கும். கீழயே விதிவிலக்குன்னு ஒரு பெரிய பட்டியல், பார்வோ சிங்கிள் ஸ்ட்ராண்டு, பாப்பிலோமாவும் பாலியோமாவும் வட்ட டிஎன்ஏ, ஹெபடைட்டிஸ் பி வட்டம் ஆனா பாதி தான் டபுள், பாக்ஸ் சைட்டோபிளாசம்னு போகும். இத அப்படியே மனப்பாடம் பண்றது தான் முதல் தப்புன்னு நான் சொல்வேன். பரீட்சை முடிஞ்சு ரெண்டு வாரத்துல ஒண்ணும் நிக்காது.

அதுக்கு பதிலா ஒவ்வொரு வைரஸ்கிட்டயும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: உன் டிஎன்ஏவ காப்பி எடுக்கற பாலிமரேஸ் யாரோடது? உன்னோடதா, செல்லோடதா? இந்த ஒரு கேள்வியில பாதி சாப்டர் தானா வந்துடும்.

பார்வோ பி19 எடுத்துக்கங்க. ரொம்ப சின்ன வைரஸ், சொந்த பாலிமரேஸ் கிடையாது, அதனால தானே பிரிஞ்சுகிட்டு இருக்கற செல் தான் அதுக்கு வேணும், எஸ் ஃபேஸ்ல, அதாவது டிஎன்ஏவ காப்பி எடுக்கற கட்டத்துல இருக்கணும். எலும்பு மஜ்ஜையில ஓயாம பிரியற எரித்ராய்ட் செல்லு (சிவப்பணுவா மாறப்போறது), அதோட மேல்பரப்புல பி ஆன்டிஜென், அங்க போய் ஒட்டிக்குது. கொஞ்ச நாளைக்கு சிவப்பணு உற்பத்தி நின்னு போகும். சாதாரண ஆளுக்கு சிவப்பணு 120 நாள் வாழும், அதனால ஒரு வாரம் பத்து நாள் உற்பத்தி இல்லன்னா தெரியவே தெரியாது. சிக்கிள் செல் நோயாளிக்கு அதே சிவப்பணு 10லேர்ந்து 20 நாள் தான் தாங்கும், அங்க ஒரு வாரம் நின்னா ஹீமோகுளோபின் சரசரன்னு இறங்கிடும். இங்க நிறைய பேர் "அப்ளாஸ்டிக் அனீமியா"ன்னு எழுதிடறாங்க, அது தப்பு. இது தற்காலிக அப்ளாஸ்டிக் கிரைசிஸ், அப்ளாஸ்டிக் அனீமியாவுல எல்லா ரத்த அணுவும் குறையும், இங்க அடிபடறது முக்கியமா சிவப்பணு வரிசை, ரெட்டிகுலோசைட் (புதுசா வர்ற இளம் சிவப்பணு) கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு போயிருக்கும். இன்னொண்ணும் பாருங்க, கன்னம் சிவந்து வர்ற குழந்தைக்கு அந்த ராஷ் ஆன்டிபாடி வந்ததால வர்றது, அந்த நேரத்துல தொற்றற காலம் பெரும்பாலும் முடிஞ்சிருக்கும். ஆனா அப்ளாஸ்டிக் கிரைசிஸ்ல அட்மிட் ஆகறவங்க ரத்தத்துல வைரஸ் ஏராளமா இருக்கும், அவங்க தான் மத்தவங்களுக்கு பரப்புவாங்க, கர்ப்பமா இருக்கற ஸ்டாஃப அந்த ரூம்ல போடக்கூடாது, கருவுக்கு ஹைட்ராப்ஸ் (உடம்பெல்லாம் நீர் கோத்துக்கறது) வர வாய்ப்பு இருக்கு.

ஹெச்பிவியும் (மனுஷ பாப்பிலோமா வைரஸ்) இதே ரகம் தான், ஆனா அது பிரியற செல்லுக்காக காத்திருக்காது. தோல்ல மேல ஏற ஏற கெரட்டினோசைட் பிரியறத நிறுத்திடும், அங்க செல்லோட பாலிமரேஸ் கிடைக்காது, அதனால ஈ7 புரோட்டீன் வச்சு, செல் பிரியறதுக்கு பிரேக் போடற ஆர்பிய முடக்கி செல்ல வலுக்கட்டாயமா எஸ் ஃபேஸுக்கு தள்ளுது, அப்படி தள்ளினா செல் தற்கொலை பண்ணிக்க பார்க்கும், அத தடுக்க ஈ6 போய் அந்த தற்கொலைய தூண்டற பி53ய அழிக்குது. இப்படி படிச்சா ஈ6 எதுக்கு ஈ7 எதுக்குன்னு மாத்தி எழுத மாட்டீங்க. கேன்சர் வைரஸோட நோக்கம் இல்ல, டிஎன்ஏ போய் செல்லோட குரோமோசோம்ல சேர்றது ஒரு விபத்து, அடக்கி வச்சிருந்த ஈ2 ஜீன் உடைஞ்சு ஈ6, ஈ7 கட்டுப்பாடு இல்லாம போறதால வர்றது. ஹெச்பிவி வகைகள்ல 16, 18 ரெண்டும் சேர்ந்து கர்ப்பப்பை வாய் கேன்சர்ல சுமார் 70 சதவீதத்துக்கு காரணம். 6, 11 பிறப்புறுப்பு மரு, கேன்சர் ஆகறது ரொம்ப அபூர்வம். மருவுக்கு அசைக்ளோவிர் (ஹெர்பிஸ் மருந்து) எழுதறவங்களும் இருக்காங்க! இந்த வைரஸ்கிட்ட அந்த மருந்த ஆக்டிவேட் பண்ற தைமிடின் கைனேஸும் இல்ல பாலிமரேஸும் இல்ல, அந்த மருந்து அங்க போய் எத தாக்கும்?

பாக்ஸ் வைரஸ் இதுக்கு நேர் எதிர். டிஎன்ஏ பாலிமரேஸ், ஆர்என்ஏ பாலிமரேஸ் ரெண்டும் சொந்தம், நியூக்ளியஸ் பக்கம் போக வேண்டிய அவசியமே இல்ல. அதனால தான் அதோட இன்க்ளூஷன் பாடி (தொற்று பிடிச்ச செல்லுல மைக்ரோஸ்கோப்ல தெரியற திட்டு) சைட்டோபிளாசத்துல, ஹெர்பிஸோட இன்க்ளூஷன் பாடியான கௌட்ரி ஏ நியூக்ளியஸ்ல.

இந்த இடத்துல நம்ம பாஷையே நம்மள குழப்பிடும். எல்லாத்தையும் அம்மைன்னு தானே சொல்றோம்? பெரியம்மை, குரங்கு அம்மை ரெண்டும் பாக்ஸ் குடும்பம். சின்னம்மை ஹெர்பிஸ் குடும்பம், இங்கிலீஷ் பேர்ல பாக்ஸ்னு இருந்தாலும் பாக்ஸ் கிடையாது. தட்டம்மை டிஎன்ஏ வைரஸே இல்ல, ஆர்என்ஏ. பெரியம்மை இயற்கையா கடைசியா வந்தது 1977ல சோமாலியாவுல, 1980ல ஒழிஞ்சிடுச்சுன்னு உலக சுகாதார நிறுவனம் அறிவிச்சது. சின்னம்மை கொப்புளம் உடம்பு நடுப்பகுதியில அதிகமா, ஒரே இடத்துலயே புதுசும் பழசும் கலந்து இருக்கும், பெரியம்மையில முகம் கை கால்ல அதிகம், எல்லாம் ஒரே பருவத்துல இருக்கும். குரங்கு அம்மைக்கும் இந்த ஒரே பருவம் விதிய அப்படியே போட்டுடாதீங்க, 2022 பரவல்ல பிறப்புறுப்பு பக்கம் மட்டும் ஒண்ணு ரெண்டு புண்ணோட வந்தவங்க நிறைய.

அக்கி பத்தியும் சொல்லிடறேன். அக்கி இருக்கறவங்ககிட்டேர்ந்து அக்கி ஒட்டாது. சின்னம்மை வராத, தடுப்பூசி போடாத ஒருத்தர் அந்த கொப்புள நீர் பட்டா அவருக்கு வர்றது சின்னம்மை. அக்கி எப்பவும் அவங்கவங்க நரம்பு கேங்ளியான்ல தூங்கிகிட்டு இருந்த சொந்த சின்னம்மை வைரஸ்.

ஹெர்பிஸ் மருந்துக்கு வருவோம். அசைக்ளோவிருக்கு முதல் பாஸ்பேட்ட ஒட்டறது வைரஸோட தைமிடின் கைனேஸ். சிஎம்விகிட்ட (சைட்டோமெகலோவைரஸ், இதுவும் ஹெர்பிஸ் குடும்பம்) அது இல்ல, யூஎல்97னு வேற கைனேஸ் இருக்கு, அது கேன்சைக்ளோவிர ஆக்டிவேட் பண்ணும், அதனால சிஎம்விக்கு கேன்சைக்ளோவிர். தைமிடின் கைனேஸ் மியூட்டேஷன்ல ரெசிஸ்டன்ஸ் வந்த ஹெச்எஸ்விக்கு (ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ்) வாலசைக்ளோவிர் மாத்தி குடுத்தா ஒரு பிரயோஜனமும் இல்ல, அது உடம்புக்குள்ள போய் அசைக்ளோவிரா தான் மாறும், கைனேஸே தேவைப்படாத ஃபோஸ்கார்னெட் தான் வழி.

இருக்கற தப்புலயே ஆபத்தானது என்சஃபலைட்டிஸ்ல (மூளை அழற்சி) காத்திருக்கறது. காய்ச்சல், திடீர்னு ஆள் நடத்தை மாறி சம்பந்தம் இல்லாம பேசறது, ஒரு ஃபிட்ஸ், எம்ஆர்ஐல டெம்போரல் லோப் மாற்றம்னா ஹெச்எஸ்வி 1 தான் முதல்ல ஞாபகம் வரணும். பிசிஆர் ரிசல்ட் வரட்டும்னு உக்காந்திருக்க கூடாது, சந்தேகம் வந்த நிமிஷமே ஐவி அசைக்ளோவிர் ஆரம்பிக்கணும், கூடவே நல்லா ஃப்ளூயிட், இல்லன்னா மருந்து கிட்னியில படிகமா படியும். வைத்தியம் பண்ணாம விட்டா சுமார் 70 சதவீதம் பேர் இறந்துடறாங்க. முதல் மூணு நாளுக்குள்ள எடுத்த சிஎஸ்எஃப்ல (முதுகுத்தண்டு நீர்) பிசிஆர் நெகட்டிவா வரலாம், அத நம்பி மருந்த நிறுத்தினா பெரிய தப்பு, சந்தேகம் பலமா இருந்தா திரும்ப எடுங்க.

மோனோ காய்ச்சல கொண்டு வர்ற ஈபிவி (எப்ஸ்டீன் பார் வைரஸ், இதுவும் ஹெர்பிஸ் குடும்பம்) பத்தி ரெண்டே விஷயம். ஸ்மியர்ல தெரியற அடிப்பிக்கல் லிம்ஃபோசைட் தொற்று பிடிச்ச பி செல் இல்ல, அத எதிர்த்து வந்த சிடி8 டி செல். அப்புறம் மோனோ இருக்கறவங்களுக்கு தொண்டை வலின்னு அமாக்ஸிசிலின் குடுத்து உடம்பெல்லாம் ராஷ் வந்தா, ஆயுசுக்கும் பெனிசிலின் அலர்ஜின்னு கேஸ் ஷீட்ல முத்திரை குத்திடாதீங்க, பெரும்பாலும் அது உண்மையான அலர்ஜி இல்ல.

கடைசியா ஹெபடைட்டிஸ் பி. ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் இருக்குன்னதும் ரெட்ரோவைரஸ்னு நினைச்சுடறாங்க. வைரஸுக்குள்ள இருக்கறது டிஎன்ஏ, நியூக்ளியஸ் போய் முழு வட்டமா மூடிக்கும், அதுக்கு பேர் சிசிசி டிஎன்ஏ, அதுலேர்ந்து ஆர்என்ஏ, அந்த ஆர்என்ஏலேர்ந்து திரும்ப டிஎன்ஏ. ஹெச்ஐவி மாதிரி குரோமோசோம்ல சேர்ந்தா தான் பெருகும்னு இல்ல. டெனோஃபோவிர், என்டெகாவிர் ரெண்டும் அந்த ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ தான் தடுக்குது, சிசிசி டிஎன்ஏவ தொடாது, அதனால வைரஸ் அடங்கும், ஒழியாது.

ரிப்போர்ட் படிக்கறதுல இது ரொம்ப முக்கியம். தடுப்பூசியில சர்ஃபேஸ் ஆன்டிஜென் மட்டும் தான் இருக்கு, அதனால ஊசி போட்டவங்களுக்கு ஆன்டி ஹெச்பிஎஸ் (அந்த ஆன்டிஜெனுக்கு எதிரான ஆன்டிபாடி) மட்டும் பாசிட்டிவ், வைரஸோட கோர் ஆன்டிஜெனுக்கு எதிரான ஆன்டி ஹெச்பிசி வரவே வராது. சர்ஃபேஸ் ஆன்டிஜெனும் நெகட்டிவ், ஆன்டி ஹெச்பிஎஸும் நெகட்டிவ், ஆன்டி ஹெச்பிசி ஐஜிஎம் மட்டும் பாசிட்டிவ்னா விண்டோ பீரியட் (ஆன்டிஜென் மறைஞ்சு ஆன்டி ஹெச்பிஎஸ் இன்னும் வராத இடைவெளி), நார்மல்னு வீட்டுக்கு அனுப்பிடாதீங்க. ஈ ஆன்டிஜென் நெகட்டிவ்னதும் வைரஸ் பெருகலன்னும் முடிவு பண்ணாதீங்க, பிரீகோர் மியூட்டன்ட்ல ஈ ஆன்டிஜென் வராமலே வைரஸ் ஜாஸ்தியா இருக்கும், டிஎன்ஏ அளவு பார்க்கணும்.

ஒரு கேஸ் டிஸ்கஷன்ல லிம்ஃபோமா நோயாளி ஒருத்தரோட ரிப்போர்ட்ட பார்த்தோம், சர்ஃபேஸ் ஆன்டிஜென் நெகட்டிவ், ஆன்டி ஹெச்பிஎஸ் பாசிட்டிவ், ஆன்டி ஹெச்பிசியும் பாசிட்டிவ். நாங்க நாலு பேரும் "குணமாயிடுச்சு சார், பிரச்சனை இல்ல"ன்னோம். அவருக்கு அடுத்த வாரம் ரிட்டுக்ஸிமாப் ஆரம்பிக்க இருந்தாங்க. கல்லீரல் செல்லுக்குள்ள சிசிசி டிஎன்ஏ இன்னும் உக்காந்திருக்கு, பி செல்ல மருந்து அழிச்சதும் அது திரும்ப கிளம்பும், கல்லீரலே செயலிழந்து போகலாம். அன்னிக்கே என்டெகாவிர் எழுதினாங்க, ரிட்டுக்ஸிமாப் முடிஞ்ச பிறகும் ஒரு வருஷத்துக்கு குறையாம தொடரணும்னு சொல்லி.